வெடிக்கும் கார் வேண்டாம், சுத்தமான விளிம்பு போதும்

கேள்வி: அண்ணா, எனக்கு 23 வயது. கழுவாஞ்சிக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இரண்டு வருடமாக வீடியோக்கள் பார்த்து வி.எஃப்.எக்ஸ், அதாவது படக் காட்சிகளைக் கொம்பியூட்டரில் மாற்றும் வேலை, பழகி, என் வேலையைக் காட்டும் நாலு நிமிட ரீல் ஒன்று செய்தேன். கார் வெடிப்பது, வானத்தில் மிருகம் பறப்பது, லோகோ அனிமேஷன் எல்லாம் அதில் இருக்கிறது. "எந்த வேலை என்றாலும் செய்வேன்" என்று எழுதி, கொழும்பிலும் சென்னையிலுமாக 14 இடத்துக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. ரீலில் இன்னும் என்ன சேர்க்க வேண்டும்? வீட்டில் 8 ஜிபி ராம் உள்ள கொம்பியூட்டர்தான் இருக்கிறது. இரண்டு லட்சம் கட்டி ஒரு கோர்ஸ் படிக்கச் சொல்கிறார்கள், படிக்கலாமா? ஏ.ஐ. வந்த பிறகு இந்த வேலை மிஞ்சுமா என்று அம்மா கேட்கிறா. நான் என்ன சொல்ல?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் ரீலை மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் முழுதாக, அடுத்தது சத்தத்தை நிறுத்திவிட்டு, கடைசித் தரம் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நிறுத்தி. என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்க ஒன்றுமில்லை. எடுக்கத்தான் நிறைய இருக்கிறது.

மூன்றாவது நிமிடம் நெருங்கும் இடத்தில் ஒரு ஷொட் வருகிறது, நினைவிருக்கிறதா? மணவறைக்குப் பின்சுவரில் தொங்கிய வயரையும் ட்யூப் லைட்டையும் நீக்கியிருக்கிறீர்கள். கமெரா மெல்ல நகர்கிறது, மணப்பெண்ணின் தலை அந்த வயருக்கு முன்னால் கடந்து போகிறது, அந்த இடத்தில் ஒரு தடுமாற்றமும் தெரியவில்லை. மூன்று செக்கன்தான் வருகிறது. அந்த நாலு நிமிடத்தில் உங்களுக்கு வேலை வாங்கித் தரக்கூடியது அந்த மூன்று செக்கன் மட்டும்தான். அதை நீங்கள் வெடிப்புக்கும் பறக்கும் மிருகத்துக்கும் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ரீல் பார்க்கிறவர் அதுவரை வந்திருக்க மாட்டார்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான ஷொட் ஒரு கம்பனிக்கு வரும். வெடிப்பு, வெள்ளம், புகை எல்லாம் அந்தத் துறையில் பல வருடம் ஊறியவர்களிடம் போகும். புதிதாக வருபவருக்குக் கொடுப்பது மூன்று நாலு வகை வேலைதான். ஒன்று ரோட்டோ, அதாவது ஆளையோ பொருளையோ பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, அதன் உருவத்தைச் சுற்றி மாஸ்க் என்ற வெட்டு வடிவம் வரைவது. இன்னொன்று பெயின்ட், சில இடங்களில் பிரெப் என்பார்கள். வயர், கம்பி, கமெராக்காரரின் நிழல் போன்ற வேண்டாதவற்றைத் தடம் தெரியாமல் அழிப்பது அது. மேட்ச்மூவ் என்பது உண்மைக் கமெரா நகர்ந்த விதத்தைக் கணக்கிட்டு எடுப்பது. இவற்றில் கை பழகிய பிறகுதான் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கும் கொம்போசிட்டிங் பக்கம் விடுவார்கள். உங்கள் ரீல், புதியவருக்கு யாரும் தராத வேலையைக் கேட்கிறது. தரக்கூடிய வேலைக்கு ஒரே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. "எந்த வேலை என்றாலும் செய்வேன்" என்ற வரியும் உதவவில்லை. ஆளெடுப்பவரிடம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நீங்கள் சொன்னால்தான் அவர் உங்களை அதில் உட்காரவைத்துப் பார்க்க முடியும்.

நானும் இதே இடத்தில் நின்றவன்தான். என் முதல் ரீலை ஒரு சூப்பர்வைசர் என் முன்னாலேயே ஓடவிட்டார். பத்துச் செக்கன் போனதும் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாகப் பின்னுக்குப் போய், "இந்தப் பிள்ளையின் தலைமுடி ஏன் துடிக்கிறது?" என்று கேட்டார். முடி துடிப்பதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு மாதம் அந்த ஷொட்டோடு இருந்திருக்கிறேன், அது என் கண்ணில் படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது எல்லாம், காலையில் ஒரு ஷொட்டைக் கொடுத்தால் மாலையில் யாரும் திருத்த வேண்டாதபடி திரும்பி வருமா என்பதுதான். முதல் வேலைக்கான ரீல் என்றால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நீங்கள் ரோட்டோவும் பெயின்ட்டும் என்று முடிவெடுங்கள். அந்த வயர் ஷொட் உங்கள் கண் எப்படிப்பட்டது என்று சொல்கிறது, அதனால் சொல்கிறேன். கல்யாண எடிட்டில் இருப்பவர்களுக்கு முகத்தையும் சேலைக் கரையையும் பூ மாலையையும் மணிக்கணக்காகப் பார்த்துப் பார்த்து ஒரு பொறுமை வந்திருக்கும். இன்னொன்று, இவற்றுக்கு முப்பரிமாணக் காட்சியைக் கணக்கிட்டு உருவாக்கும் ரென்டர் வேலை தேவையில்லை, உங்கள் 8 ஜிபி மெஷினிலும் சமாளிக்கலாம். இதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். மாக்ஸ் ஃபிளெய்ஷர் என்பவர் நடித்த படத்தின் மேல் ஃபிரேம் ஃபிரேமாக வரையும் கருவிக்கு 1915இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ரோட்டோஸ்கோப் என்ற அந்தப் பெயர்தான் சுருங்கி இன்றைக்கு ரோட்டோ. நூறு வருடத்துக்கு மேலாகச் சினிமா இந்தக் கையை நம்பித்தான் இருக்கிறது.

சரி, திட்டத்துக்கு வருவோம். ஐந்து ஷொட் போதும். ஒவ்வொன்றும் நாலு செக்கன், அதாவது 24 ஃபிரேம் கணக்கில் கிட்டத்தட்ட 100 ஃபிரேம். முக்கியமான விஷயம், ஒவ்வொரு ஷொட்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி மூன்று பேர் நடப்பதை வெட்டி வைத்தால் அது ஒரு ஷொட் கணக்குத்தான்.

எல்லாவற்றையும் நீங்களே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி வீடியோத் துண்டுகளை நூறு பேர் செய்திருப்பார்கள், ஆளெடுப்பவருக்கு அவை அலுத்துப் போயிருக்கும். கல்லடிக் கடற்கரையையோ மட்டக்களப்புக் கோட்டையையோ அவர் பார்த்திருக்க மாட்டார். அங்கே எடுத்த ஷொட் என்றால் ஒரு கணம் நின்று பார்ப்பார். அதற்குள் உங்கள் மாஸ்க்கின் விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுக்கும்போது சில விஷயங்களை விட்டால் பிறகு திருத்தவே முடியாது. ஃபோனில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆள் நகர நகர வெளிச்சமும் நிறமும் மாறி, அழித்த இடத்தில் ஒட்டிய துண்டு திட்டாகத் தெரியும். ஃபோனில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனை நிறுத்துங்கள். அது படத்தை ஃபிரேமுக்கு ஃபிரேம் வெட்டி நகர்த்திக்கொண்டே இருக்கும், ட்ராக்கிங் செய்யும்போது, அதாவது ஒரு புள்ளி ஃபிரேமுக்கு ஃபிரேம் எங்கே போகிறது என்று பின்தொடரும்போது, கணக்குப் பிழைக்கும். ஷட்டரை 50இல் ஒரு பங்கு செக்கனுக்கு வையுங்கள், சினிமாவில் பார்க்கும் அசைவு மங்கல் அப்போதுதான் வரும். இதையெல்லாம் கையால் அமைக்க பிளாக்மேஜிக் கமெரா என்ற இலவச ஆப் இருக்கிறது, உங்கள் ஃபோனில் ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஃபோன்களில் லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்க முடியாது. நடுப்பகல் வெயிலில் ஷட்டரை 50இல் வைத்தால் படம் வெளுத்துப் போய்விடும். கல்லடியில் சூரியன் கடல் பக்கம் எழும்புவது, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அது ஊர்ப் பக்கம் சாய்ந்துவிடும். அந்த ஒரு மணித்தியாலம்தான் உங்களுக்கு. மூடலான நாள் என்றால் இன்னும் நல்லது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்த பொறி. ஃபோன்கள் பெரும்பாலும் ஒரே சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை, வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் இடைவெளி கூடிக் குறையும். எடிட்டிங்கில் அது தெரியவே தெரியாது. நான் அப்படிப்பட்ட ஒரு வீடியோவில் ஒரு கிழமை இருந்து மாஸ்க் வரைந்தேன். வேறு சொஃப்ட்வெயாரில் திறந்ததும் மாஸ்க் ஓரிடம், ஆள் ஓரிடம். அந்த ஒரு கிழமை வேலை அப்படியே போனது. வரையத் தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் கொடுத்து சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் அதை பிஎன்ஜி படங்களின் வரிசையாக எடுத்து, நூறு ஃபிரேம் என்றால் நூறு படம் என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, அதிலிருந்து வேலை செய்யுங்கள். 30 ஃபிரேமில் எடுத்ததை 24க்கு இறக்காதீர்கள், நடை தட்டுத்தடுமாறும். 30 என்றால் கடைசிவரை 30தான்.

முதல் ஷொட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவை அதிலிருந்தே விளங்கும்.

உங்கள் கூட்டாளி ஒருவரைக் கடற்கரையில் பக்கவாட்டாக நடக்கச் சொல்லுங்கள். சல்வார், தோளில் ஷால், பின்னலிட்ட தலைமுடி. கச்சான் வீசும் நாளாக இருந்தால் ஷால் தானாகவே நடிக்கும். இடுப்புக்கு மேலே வரும்படி எடுங்கள். வீட்டுக்கு வந்து வரையத் தொடங்காதீர்கள். முதலில் அந்த நாலு செக்கனை இருபது தரம் ஓடவிட்டுப் பாருங்கள். எந்த ஃபிரேமில் கை முன்னுக்கு அதிகம் போகிறது, எந்த ஃபிரேமில் கால் ஊன்றி உடம்பு தாழ்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். கீஃபிரேம், அதாவது மாஸ்க்கை நீங்கள் கையால் பொருத்தும் ஃபிரேம், வைக்க வேண்டிய இடங்கள் அவைதான். இடையில் உள்ளவற்றை சொஃப்ட்வெயார் தானே நிரப்பும்.

பிறகு ஆளைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். தலை ஒரு வடிவம், பின்னல் ஒன்று, கழுத்து ஒன்று, மேற்கை, முன்கை, உள்ளங்கை தனித்தனி, உடம்பு ஒன்று, ஷால் மூன்று துண்டாக. முழு ஆளையும் ஒரே கோட்டால் சுற்றி வளைப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் ஒரு கை அசைந்தாலும் முழுக் கோட்டையும் திருத்த வேண்டி வரும், திருத்தத் திருத்த விளிம்பு நடுங்கும். முழங்கையில் வைத்த புள்ளி கடைசி ஃபிரேம் வரை முழங்கையிலேயே இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. முதலில் வடிவத்தை மொத்தமாக நகர்த்தி, சுழற்றிப் பொருத்துங்கள். கடைசியில்தான் தனிப் புள்ளிகளைத் தொட வேண்டும். உடம்புக்குப் பத்துக் கீஃபிரேம் போதுமாக இருக்கும். ஷாலுக்கு முப்பது தேவைப்படலாம். எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ வைத்த மாஸ்க் கொதிக்கிற தண்ணீர் மாதிரி இருக்கும்.

முடியிலே ஒவ்வொரு இழையையும் வரையப் போகாதீர்கள். நெருக்கமான பகுதியை ஒரு வடிவமாக எடுத்து, வெளியே பறக்கிற முக்கியமான நாலைந்து இழையை மட்டும் மெல்லிய கோடுகளாகப் போடுங்கள். முகம் கூராகவும் பின்தோள் சற்று மங்கலாகவும் இருந்தால், மாஸ்க்கின் விளிம்பும் அந்தந்த இடத்தில் அப்படியே இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மென்மையை வைத்தால் கத்தரித்து ஒட்டிய மாதிரி இருக்கும்.

முடிந்ததும் படத்தை மறைத்துவிட்டு மாஸ்க்கை மட்டும், கறுப்பில் வெள்ளையாக ஓடவிடுங்கள். நடக்கிறது ஒரு மனுசி என்று அந்த வெள்ளை உருவத்தை வைத்தே தெரிய வேண்டும். எங்கேயாவது துடித்தால் அங்கே கீஃபிரேம் கூடிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஆளைச் சாம்பல் நிறப் பின்னணியில் வைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு கடும் நிறம் ஒன்றில். கடலின் நீலம் ஷாலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அங்கே காட்டிக்கொடுக்கும்.

இந்த ஒரு ஷொட்டுக்கு, இரவில் மூன்று மணித்தியாலம் இருந்தால், இரண்டு மூன்று கிழமை போகும். போகட்டும்.

இரண்டாவது, பெயின்ட். வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போனால் அறுத்த வயலில் மாடு கட்டியிருப்பார்கள். கயிறு கழுத்திலிருந்து இறங்கிப் புல்லுக்குள்ளால் கட்டைக்குப் போகும். அந்தக் கயிற்றை நீக்குங்கள். சொல்லச் சின்ன வேலை. செய்து பாருங்கள், நாலு பிரச்சினை வரும். மாடு அசைபோடும்போது கழுத்துத் தோல் நகரும், ஆகவே ஒட்டும் துண்டும் அதோடு நகர வேண்டும். புல் காற்றில் ஆடும், ஒரே ஃபிரேமிலிருந்து எடுத்த துண்டை அங்கே வைத்தால் அந்த இடம் மட்டும் செத்துக் கிடக்கும். அதே ஷொட்டில் பத்து ஃபிரேம் தள்ளி, கயிறு படாத பக்கத்துப் புல்லை உயிரோடு எடுத்து ஒட்டுங்கள். கயிற்றின் நிழல் நிலத்தில் விழுந்திருக்கும், கயிற்றை அழித்தவர்கள் நிழலை மறந்துவிடுவார்கள். கடைசியாக, படத்தில் இருக்கிற பொடி மணி, கிரெயின் என்போமே, அது ஒட்டிய இடத்திலும் அதே அளவில் இருக்க வேண்டும். படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பிரிவுகளில் நீல சானலை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள், அந்தப் பொடி மணி அங்கேதான் அதிகம், குறை இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். படத்தின் காமாவை, அதாவது நடுத்தர வெளிச்சத்தை, ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். சூப்பர்வைசர் அதைத்தான் செய்வார்.

மூன்றாவதற்குப் பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குப் பின்னால் ஒருவர் சைக்கிள் உருட்டிக்கொண்டு போகட்டும். ஆள் மறைந்து மறைந்து வருவார். மறைந்திருக்கும்போதும் மாஸ்க் தன் வழியில் தொடர்ந்து போகிறதா என்று பார்ப்பார்கள். நாலாவதாக, ஒரு முகத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி ஒட்டி, பேசவிட்டு எடுத்து, புள்ளிகளை நீக்குங்கள். ஐந்தாவது உங்கள் கல்யாண மண்டப வயர். அது ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அந்தக் குடும்பத்திடமும் ஸ்டூடியோ முதலாளியிடமும் அனுமதி கேட்காமல் வைக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அனுமதி கிடைத்தது என்பதை ஷொட் விவரத்தில் எழுதுங்கள், பொறுப்பான ஆள் என்று அதிலேயே தெரியும். பிறகு ஒரு கம்பனியில் சேர்ந்ததும், வெளிவராத படத்தின் ஒரு ஃபிரேமைக்கூட வெளியே காட்டக் கூடாது. அந்த ஒழுக்கத்தை இப்போதே பழகிக்கொள்ளலாம்.

வாவியில் வீச்சு வலை எறிகிற ஷொட் எடுக்க ஆசை வரும், எனக்கும் வந்தது. இப்போதைக்குத் தொடாதீர்கள். வலைக்கண் ஒவ்வொன்றிலும் பின்னால் இருக்கிற தண்ணீர் தெரியும், அதைக் கையால் வரைந்து முடிக்க முடியாது, வேறு முறைகள் கலக்க வேண்டும். பிறகு ஒரு நாள் மேட்ச்மூவ் பழகினால் அதற்கும் வாவியை நம்பாதீர்கள். தண்ணீரும் நெற்கதிரும் தாமாக அசைபவை, அவற்றில் வைத்த ட்ராக்கிங் புள்ளி பொய் சொல்லும். கோட்டைச் சுவரின் கல் மூலைகள் அசையாது, அங்கே போங்கள்.

சொஃப்ட்வெயார் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிளெண்டர் முற்றிலும் இலவசம், மாஸ்க்கும் ட்ராக்கிங்கும் அதிலேயே உண்டு, உங்கள் மெஷினில் ஓடும். பெரிய கம்பனிகள் கொம்போசிட்டிங்குக்கு நூக் என்ற சொஃப்ட்வெயாரைப் பாவிக்கின்றன. அதன் வணிகமல்லாத பதிப்பு இலவசம், 1920க்கு 1080 அளவுக்கு மேல் வெளியே எடுக்க முடியாது, ரீலுக்கு அதுவே போதும். 8 ஜிபியில் நூக் கொஞ்சம் மூச்சு வாங்கும். மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, நூறு ஃபிரேமுக்கு மேல் ஏற்றாமல் செய்யுங்கள். ரோட்டோக் கம்பனிகளில் சில்ஹௌட் என்ற சொஃப்ட்வெயார் அதிகம். கோடும் புள்ளியும் எங்கேயும் ஒன்றுதான், கை பழகினால் சொஃப்ட்வெயார் ஒரு கிழமையில் பழகிவிடும். பயிற்சிக்குத் தரமான மூலப்படம் வேண்டும் என்றால், பிளெண்டர் அறக்கட்டளை 2012இல் எடுத்த டியர்ஸ் ஆஃப் ஸ்டீல் குறும்படத்தின் மூலக் காட்சிகளை யாரும் எடுத்துப் பாவிக்கலாம், அவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். ஃபோன் வீடியோவுக்கும் சினிமாக் கமெராக் காட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே கண்ணால் பார்த்துவிடுவீர்கள்.

ரீலை அடுக்குவது அரை நாள் வேலை. ஒவ்வொரு ஷொட்டிலும் முதலில் முடிந்த படம், பிறகு மூலம், பிறகு மாஸ்க் கோடுகள் படத்தின் மேல் ஓடுவது, மாஸ்க் மட்டும். 16 செக்கனுக்குள் முடிந்துவிடும். ஐந்து ஷொட்டுக்கு 80 செக்கன். தொடக்கத்தில் பெயர், எந்த வேலை, மெயில், ஃபோன் என்று மூன்று செக்கன், கடைசியில் அதே பலகை ஐந்து செக்கன். மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குள். லோகோ அனிமேஷன் வேண்டாம். பாட்டும் வேண்டாம், பெரும்பாலானோர் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார்கள். மிகச் சிறந்த ஷொட் முதலில் வரட்டும். நாலு மட்டும்தான் சுத்தமாக வந்தது என்றால் நாலு ஷொட் ரீலாகவே அனுப்புங்கள். ஒரு மோசமான ஷொட் மற்ற நாலையும் சந்தேகிக்க வைக்கும்.

கூடவே ஒரு பக்கத்தில் ஷொட் விவரம் எழுதுங்கள். எத்தனை ஃபிரேம், என்ன செய்தேன், எந்த சொஃப்ட்வெயார், எத்தனை மணித்தியாலம். நேரத்தை உண்மையாக எழுதுங்கள். டெஸ்ட் ஷொட் கொடுத்து நாள் குறிப்பார்கள், அப்போது தெரிந்துவிடும். மெயில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், தலைப்பிலேயே பெயரும் "ஜூனியர் ரோட்டோ, பெயின்ட் ஆர்டிஸ்ட்" என்பதும் ஊரும் வரட்டும். வீடியோ லிங்க்கை வேறு ஒருவரின் ஃபோனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். உங்கள் லிங்க் எனக்கு முதல் தரம் அனுமதி கேட்டது, அந்த 14 பேரில் எத்தனை பேர் அங்கேயே திரும்பிப் போனார்களோ என்று கவலையாக இருந்தது.

கோர்ஸ் விஷயம். இரண்டு லட்சம் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய காசு என்று எனக்குத் தெரியும். கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். போன வருடம் படித்த மூன்று பேரின் ரீலைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே மூலக்காட்சி இருந்தால் விட்டுவிடுங்கள், அதைக் கம்பனிகள் கண்ட மாத்திரத்தில் அடையாளம் காணும். அப்புறம், என் வேலையை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துக் குறை சொல்லப் போவது யார், அவர் எந்த வேலையில் இருந்தவர் என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது அந்தக் குறை சொல்லும் கண்ணைத்தான், மற்றதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு தரம் அவர்களில் இரண்டு பேரோடு உட்கார்ந்து உங்கள் மாஸ்க்கைப் பார்க்க வையுங்கள். சொஃப்ட்வெயார் தெரியாவிட்டாலும், வரையத் தெரிந்த கண் உருவம் கோணுவதைப் பிடித்துவிடும்.

இனி அம்மாவின் கேள்வி. அவ கேட்டது சரியான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். ஒரு ஆள் வெறும் சுவருக்கு முன்னால் நிற்கிற ஷொட்டை இன்றைக்கு மெஷின் சில நிமிடத்தில் வெட்டித் தந்துவிடும். அந்த மாதிரி ஷொட்டுக்கு ஆள் எடுப்பது குறைந்துகொண்டுதான் வரும். தொழில் நிலைமையும் இலகுவாக இல்லை. 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது உலகம் முழுக்க வேலை வற்றியது. எம்.பி.சி., தி மில் போன்ற பெயர்பெற்ற வி.எஃப்.எக்ஸ் கம்பனிகளை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் 2025 பெப்ரவரியில் சரிந்தது, அனுபவமுள்ள பலர் வேலை இழந்தார்கள். ஆனால் காற்றில் பறக்கும் ஷால், சட்டத்துக்குப் பின்னால் மறையும் சைக்கிள், அசைபோடும் மாட்டின் கழுத்துக் கயிறு, இவற்றில் மெஷின் தந்ததை ஒருவர் இருந்து திருத்தத்தான் வேண்டியிருக்கிறது. எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க, கையால் வரைந்து பழகிய கண் வேண்டும். உங்களுக்கு இந்த ஷொட்களைச் சொன்னதற்குக் காரணமும் அதுதான். ஏ.ஐ. கருவி பாவித்திருந்தால் பாவித்தேன் என்றே ஷொட் விவரத்தில் எழுதுங்கள், அதற்கு மேல் எதைக் கையால் திருத்தினீர்கள் என்பதையும் காட்டுங்கள்.

ஸ்டூடியோ வேலையை இப்போது விடாதீர்கள். சென்னைக்குப் போய்ப் பார்ப்போம் என்ற யோசனையையும் ஒரு பக்கம் வையுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை செய்ய முடியாது, தொடக்கநிலைச் சம்பளத்துக்கு வேலை விசா கிடைப்பதும் அரிது. முதலில் கொழும்பில் விளம்பரமும் பாடல் வீடியோவும் செய்கிற இடங்கள். அதோடு, வெளியே வேலை பிரித்துக் கொடுக்கிற சின்ன ரோட்டோக் கம்பனிகள். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம், வீட்டிலிருந்து செய்வதற்கு அது பெரிய வசதி. பெரிய படங்களின் ஷொட்டைப் பாதுகாப்புக் காரணமாக வீட்டுக்கு விடமாட்டார்கள், ஆகவே தொலைக்காட்சி, விளம்பரம், பாடல் என்றுதான் முதலில் வரும். நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களில் வயர் அழிக்க ஆள் தேடுகிறார்கள். ஒன்று இரண்டு செய்து கொடுங்கள், ரீலுக்கும் ஒரு ஷொட் கிடைக்கும்.

மாரி தொடங்கும் முன் மற்ற நாலு ஷொட்டையும் எடுத்துவிடுங்கள், வரைவதை மழைக்குள் இருந்து செய்யலாம். யூ.பி.எஸ். ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், கரண்ட் போகும் ஊரில் அது ராம் கூட்டுவதைவிட முக்கியம். ஷால் ஷொட்டின் முதல் இருபது ஃபிரேம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். மாஸ்க் மட்டும், கறுப்பில் வெள்ளையாக. கலர்ப் படம் இப்போது வேண்டாம்.